ஒரு பவுன் கொடுத்து பந்தய காரில் ஏறியவர்

கார் பந்தயம் என்று சொன்னதுமே, அது மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் ஆடும் ஆட்டம் என்று நாம் பேச்சை முடித்து விடுகிறோம். பந்தய காரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காரை விடுங்கள், அதன் 4 டயர்களின் விலையைக் கேட்டாலே மாத சம்பளக்காரன் வந்த வழியே திரும்பி விடுவான்.

ஆனால் சொந்த கார் இல்லாமல், வாடகைக்கு ஒரு பந்தய காரை எடுத்து, அதிலும் 4 சுற்றுக்கு மட்டும் பணம் கட்டி ஓட்டிப் பார்த்து, அங்கிருந்து புறப்பட்டு 2 முறை உலக சாம்பியன் ஆனவர் ஒருவர் இருந்தார். அவர்தான் இங்கிலாந்து நாட்டு வீரர் கிரகாம் ஹில்.

1975-ம் ஆண்டு மறைந்த அவருடைய வாழ்க்கை, கார் பந்தயத்தில் ஆசை உள்ளவர்கள் மட்டும் படிக்க வேண்டிய கதை அல்ல. கையில் காசு இல்லாமல் ஒரு பெரிய தொழிலுக்குள் நுழைய நினைக்கும் எவரும் படிக்க வேண்டிய கதை. அதன் முடிவில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது.

பயிற்சி தொழிலாளி

கிரகாம் ஹில் 1929-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ந் தேதி லண்டன் நகரில் ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் பிறந்தார். தொழில்நுட்ப பள்ளியில் படித்தார். 16-வது வயதில் ஸ்மித்ஸ் என்ற பெரிய கம்பெனியில் பயிற்சி தொழிலாளியாக சேர்ந்தார். கடிகாரங்களும், மோட்டார் வாகனங்களில் வேகத்தைக் காட்டும் மீட்டர் போன்ற கருவிகளும் செய்த கம்பெனி அது. ஒரு காலத்தில் பெங்களூர் ஜாலஹள்ளி கடிகார தொழிற்சாலையில் வேலை என்றால் பெண் கொடுக்க முன்வருவார்கள் அல்லவா? அதுபோன்ற நிரந்தரமான, மதிப்பான வேலை.

வாலிப வயதில் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் போனபோது விபத்து ஏற்பட்டு, இடது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு இடது கால் வலது காலை விட சற்று குட்டையாகி விட்டது. வாழ்நாள் முழுவதும் அவருடைய நடையில் அந்த வித்தியாசம் தெரிந்தது.

அந்த நாளில் இங்கிலாந்தில் வாலிபர்கள் எல்லோரும் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். ஹில் கடற்படைக்குப் போனார். சுவிப்ட்சர் என்ற போர்க்கப்பலின் என்ஜின் அறையில் அவருக்கு வேலை. பின்னாளில் உலகம் முழுவதும் அறிந்த அவருடைய முறுக்கு மீசை அந்த கடற்படை நாட்களில் முளைத்ததுதான். சேவை முடிந்ததும் பழையபடி ஸ்மித்ஸ் கம்பெனிக்கே திரும்பினார்.

துடுப்பு போட்டவர்

அப்போது அவருக்கு இருந்த பைத்தியம் கார் அல்ல, படகு.

லண்டன் படகு சங்கத்தில் சேர்ந்து, 8 பேர் துடுப்பு போடும் படகில் மற்றவர்களுக்கு வேகம் அமைத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் இருப்பவர் தளர்ந்தால் படகே தளர்ந்து விடும். 1952-ம் ஆண்டில் இருந்து 1954-ம் ஆண்டு வரை 20 இறுதிப் போட்டிகளில் கலந்து கொண்டார். அவற்றில் 8-ல் வெற்றி. 1953-ம் ஆண்டு ஹென்லி நகரில் நடந்த பெரிய போட்டியில் அவருடைய படகு அரை இறுதி வரை போய், பெல்ஜியம் நாட்டு படகிடம் தோற்றது.

படகு சங்கத்து நட்பு வட்டாரத்தில்தான் தன் வருங்கால மனைவி பெட் என்ற பெண்ணையும் சந்தித்தார். அந்த பெண்ணும் துடுப்பு போடுபவர்.

மூச்சு முட்டும்போதும் கையை நிறுத்தக்கூடாது என்ற பாடத்தை படகு கற்றுக் கொடுத்தது. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் கார் பந்தயங்களில் அவர் அணிந்த தலைக்கவசம் கருநீல நிறம். அதைச் சுற்றி வெள்ளை நிறத்தில் துடுப்புகள். அவை லண்டன் படகு சங்கத்தின் வண்ணங்கள்.

24 வயதில் லைசென்சு

இன்று உலக சாம்பியன் ஆகிறவர்கள் 7, 8 வயதிலேயே கோ-கார்ட் எனப்படும் சின்ன காரில் உட்கார்ந்து விடுகிறார்கள். கிரகாம் ஹில் கார் ஓட்டும் லைசென்சு வாங்கியதே 1953-ம் ஆண்டில்தான். அப்போது வயது 24.

அவருடைய முதல் கார் 1934-ம் ஆண்டு தயாரான ஒரு பழைய மாரிஸ் கார். வாங்கும்போதே அதற்கு 19 வயது. அந்த மாதிரி காரை வைத்து பந்தயத்துக்கு போக முடியாது. புதிய பந்தய கார் வாங்கவோ கையில் பணம் இல்லை. பணம் கொடுத்து உதவ பெரிய மனிதர்கள் யாரும் இல்லை. அவர் வாழ்க்கையில் கார் பந்தயம் நுழைவதற்கு ஒரு கதவுகூட திறந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

5 ஷில்லிங்குக்கு ஒரு சுற்று

கென்ட் மாவட்டத்தில் பிராண்ட்ஸ் ஹேட்ச் என்ற பந்தய மைதானம் இருக்கிறது. முன்பு அங்கே புல்தரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. 1950-ம் ஆண்டில் தார் போட்டு கார் பந்தயத்துக்கு ஏற்றதாக ஆக்கினார்கள். அந்த மைதானத்தில் ஒரு மோட்டார் பந்தய கிளப், தன்னிடம் உள்ள பந்தய காரை யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம், ஒரு சுற்றுக்கு 5 ஷில்லிங் கட்டணம் என்று விளம்பரம் செய்தது.

20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். அந்நாளைய மாற்று விலையில் ஒரு பவுனுக்கு நம் பணம் 13 ரூபாய் 5 அணா. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 3 ரூபாய் 5 அணா. சினிமாவுக்கு போவதை விட அதிகம், கார் வாங்குவதை விட எத்தனையோ மடங்கு குறைவு.

ஹில் ஒரு பவுன் கொடுத்தார். 4 சுற்று ஓட்டினார். மொத்த தூரம் 5 மைலுக்கு மேல் இருக்காது.

அவர் ஓட்டியது 500 சி.சி. பந்தய கார். அந்த காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் பணத்துக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சம். பந்தய ஆசை மட்டும் குறையவில்லை. மோட்டார் சைக்கிள் என்ஜினை எடுத்து, சின்ன கார் சட்டத்தில், ஓட்டுபவருக்கு பின்னால் பொருத்தினார்கள். சைக்கிளில் இருப்பது போலவே சங்கிலி போட்டு பின் சக்கரங்களை சுழல வைத்தார்கள். இதில் கைதேர்ந்தவர்கள் கூப்பர் என்ற தந்தையும் மகனும். இந்த சின்ன கார்களால் கார் பந்தயம் பணக்காரர்களின் தோட்டத்து வேலியைத் தாண்டி வெளியே வந்தது. புகழ்பெற்ற வீரர் ஸ்டர்லிங் மாசும் 1948-ம் ஆண்டில் இப்படிப்பட்ட கூப்பர் காரில்தான் பெயர் எடுத்தார்.

அந்த 4 சுற்றில் ஹில்லுக்கு பரிசு எதுவும் கிடைக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்து விட்டது. ஒரு பவுனுக்கு அவர் வாங்கியது அதைத்தான். எத்தனையோ பேர் அதே மைதானத்தில் அதே கட்டணம் கட்டி ஓட்டியிருப்பார்கள். வீட்டுக்குப் போய் நண்பர்களிடம் பெருமை பேசிவிட்டு மறந்திருப்பார்கள். ஹில் மறக்கவில்லை.

வாடகைக்கு பதில் உழைப்பு

5-வது சுற்றுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு சுற்றுக்கும் 5 ஷில்லிங் கட்டிக்கொண்டே போனால் தொழிலாளியின் சம்பளம் ஒரு சனிக்கிழமை மாலையில் கரைந்து விடும்.

இங்கேதான் ஹில் ஒரு வழி கண்டார். பந்தய காரை வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் புதியவர்கள். கியரை முரட்டுத்தனமாக போடுவார்கள், காரை புல்லுக்குள் இறக்குவார்கள். கார் தினமும் பழுதாகும். அதை சரி செய்ய ஆள் வேண்டும். ஹில்லிடம் பணம் இல்லை, ஆனால் ஸ்மித்ஸ் கம்பெனியிலும் கடற்படையிலும் கற்ற தொழில் இருந்தது. காரை கவனித்துக் கொள்கிறேன், சம்பளம் வேண்டாம், அதற்கு பதிலாக பந்தயத்தில் ஓட்ட வாய்ப்பு கொடுங்கள் என்று பேசி முடித்தார்.

அதற்காக ஸ்மித்ஸ் கம்பெனி வேலையை விட்டார்.

மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாழும் என்னைப் போன்ற ரெயில்வே குமாஸ்தாவுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்குகிறது. 16 வயதில் இருந்து பார்த்த வேலை. கையில் தொழில், நல்ல பெயர். அதை விட்டுவிட்டு, சம்பளமே இல்லாத இடத்தில், வேறு ஒருவருடைய காருக்கு எண்ணெய் போடப் போகிறார். இதை ஊரில் எவரும் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டார்கள். ஹில்லும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டிகள் இல்லை. தோற்றால் மறுபடியும் ஏதாவது பட்டறையில் ஸ்பானர் பிடிக்க கையில் தொழில் இருந்தது.

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிராண்ட்ஸ் ஹேட்ச் மைதானத்தில், அப்படி உழைத்து சம்பாதித்த 500 சி.சி. கூப்பர் காரில், கிரகாம் ஹில் தன் முதல் பந்தயத்தில் கலந்து கொண்டார். லைசென்சு வாங்கியது அதற்கு முந்தின ஆண்டுதான்.

வழியில் கிடைத்த வேலை

அதே ஆண்டு ஆகஸ்டு மாத விடுமுறை நாளில் மீண்டும் பிராண்ட்ஸ் ஹேட்சில் பந்தயம். அது முடிந்ததும் லண்டன் திரும்ப ஹில்லுக்கு வண்டி இல்லை. ஒரு வேனில் புறப்பட்டுக் கொண்டிருந்த இரண்டு பேருடன் ஏறிக்கொண்டார். ஒருவர் காலின் சாப்மன். மற்றவர் மைக் காஸ்டின். சாப்மன் அப்போதுதான் லோட்டஸ் என்ற பெயரில் பந்தய கார் செய்ய தொடங்கியிருந்தார்.

வழி நெடுக ஹில் உற்சாகமாக பேசிக்கொண்டே வந்தார். இவர் காஸ்டினின் நண்பர் போலிருக்கிறது என்று சாப்மன் நினைத்தார். சாப்மனின் நண்பர் போலிருக்கிறது என்று காஸ்டின் நினைத்தார். லண்டன் வந்து சேர்ந்த பிறகுதான் இருவருக்குமே அவர் யார் என்று தெரியாது என்பது புரிந்தது.

லோட்டஸ் கம்பெனி என்றால் பெரிய கட்டிடம் என்று நினைத்து விடாதீர்கள். லண்டனில் ஹார்ன்சி என்ற பகுதியில் சாப்மனின் தந்தை ரெயில்வே ஓட்டல் என்ற பெயரில் ஒரு விடுதி நடத்தி வந்தார். அதன் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் தொழிற்சாலை. அங்கே ஹில் மெக்கானிக்காக வேலைக்கு சேர்ந்தார். கூலி, நாள் ஒன்றுக்கு ஒரு பவுன்.

எந்த ஒரு பவுனைக் கொடுத்து 4 சுற்று ஓட்டினாரோ, அதே ஒரு பவுன் இப்போது ஒரு நாள் முழுவதும் கியர் பெட்டிகளோடு மல்லுக்கட்டியதற்கு கூலியாக வந்தது.

1955-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹில்லுக்கும் பெட்டுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தினக்கூலி. மணப்பெண் அலுவலகத்தில் செயலாளர் வேலை. அந்த சம்பளத்தின் துணையில்தான் புதுக்குடித்தனம் நடந்தது. வார நாட்களில் பட்டறை, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கார் கொடுத்தாலும் பந்தயம். அடுத்தவர் காரை ஓட்டி, சேதம் இல்லாமல் திருப்பிக் கொடுப்பவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. காரை இரவல் கொடுப்பவனுக்கு வேகத்தை விட முக்கியம் அந்த பெயர்தான்.

கழன்ற சக்கரம்

4 ஆண்டுகள் இப்படி போயின. 1958-ம் ஆண்டு மே மாதம் மொனாகோ நாட்டில் நடந்த பந்தயத்தில் லோட்டஸ் கம்பெனி முதல் தடவையாக உலக சாம்பியன் போட்டியில் இறங்கியது. காரை ஓட்டிய வீரர்களில் ஒருவர் ஹில். நல்ல இடத்தில் போய்க் கொண்டிருந்தபோது பின் சக்கரம் கழன்று போனது.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உலக சாம்பியன் போட்டியில் அவருக்கு ஒரு புள்ளிகூட கிடைக்கவில்லை. சாப்மனின் கார்கள் வேகமானவை, ஆனால் எடை குறைந்தவை. எது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

1960-ம் ஆண்டில் ஹில், பி.ஆர்.எம். என்ற கம்பெனிக்கு மாறினார். அந்த கம்பெனியோ பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டியும் பெரிதாக எதையும் சாதிக்காமல் கேலிக்கு ஆளாகியிருந்தது. 1962-ம் ஆண்டு பந்தயங்களில் வெற்றி வராவிட்டால் பந்தய பிரிவையே மூடி விடுவேன் என்று முதலாளி கண்டிப்பாக சொல்லி விட்டார். பட்டறையில் இருந்த அத்தனை பேரின் வேலையும் ஓட்டுகிறவரின் கையில் இருந்தது.

ஹில் பட்டறையில் வளர்ந்தவர். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காரில் எதை மாற்றினோம், அதனால் என்ன ஆனது என்பதை நோட்டில் எழுதி வைப்பார். மெக்கானிக்குகளை விடாமல் கேள்வி கேட்பார். அவர்கள் சலித்துக் கொண்டார்கள், ஆனால் கார் தேறியது.

1962-ம் ஆண்டு ஹாலந்து பந்தயத்தில் முதல் வெற்றி. பிறகு ஜெர்மனி, இத்தாலி. கடைசிப் பந்தயம் டிசம்பர் 29-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் நகரில் நடந்தது. ஸ்காட்லாந்து வீரர் ஜிம் கிளார்க் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். அவர் ஜெயித்திருந்தால் பட்டம் அவருக்கு. ஆனால் அவருடைய காரில் எண்ணெய் கசிந்து நின்று விட்டது. ஹில் வென்றார், உலக சாம்பியன் ஆனார். வாடகை கார் ஓட்டி 8 ஆண்டுகள் முடிந்திருந்தன. வயது 33.

மொனாகோவின் ராஜா

மொனாகோ மிகச்சிறிய நாடு. அங்கே பந்தயம் தனி மைதானத்தில் நடப்பதில்லை. ஊர் தெருக்களிலேயே நடக்கும். ஒரு பக்கம் கட்டிடம், மறுபக்கம் கடல். ஒரு சாண் தவறினால் சக்கரம் போய் விடும். 1958-ம் ஆண்டில் சக்கரம் கழன்ற அதே ஊரில் ஹில் 1963, 1964, 1965, 1968, 1969 ஆகிய 5 ஆண்டுகளில் வெற்றி பெற்றார். இந்த சாதனையை 1993-ம் ஆண்டில்தான் பிரேசில் வீரர் அயர்டன் சென்னா முறியடித்தார்.

1965-ம் ஆண்டு பந்தயத்தைப் பற்றி சொல்ல வேண்டும். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹில்லின் எதிரே, பழுதான ஒரு கார் மெதுவாக ஊர்ந்து கொண்டிருந்தது. மோதலைத் தவிர்க்க ஹில் காரை பக்கத்து சாலையில் திருப்பி நிறுத்தினார். பிறகு இறங்கி, தானே காரை பின்னுக்கு தள்ளிக்கொண்டு வந்து, ஏறி உட்கார்ந்து, மறுபடியும் புறப்பட்டார். 5-வது இடத்துக்கு போய்விட்டவர் ஒவ்வொருவராக தாண்டி முதலாவதாக வந்தார். மெக்கானிக்காக இருந்தவருக்கு காரை தள்ளுவது கவுரவக்குறைவாக தெரியவில்லை.

தோல்வியையும் பார்த்தார். 1964-ம் ஆண்டில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் பட்டத்தை ஜான் சர்டீசிடம் இழந்தார்.

1966-ம் ஆண்டு அமெரிக்காவில் புகழ் பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் தடவையாக இறங்கி, அந்த முதல் தடவையிலேயே வென்றார்.

நண்பரின் மரணம்

1967-ம் ஆண்டில் ஹில் பழைய லோட்டஸ் கம்பெனிக்கே திரும்பினார். ஒரு காலத்தில் நாள் கூலி வாங்கிய இடத்தில் இப்போது முதல்தர வீரர். அங்கே அவருக்கு ஜோடி, ஜிம் கிளார்க்.

1968-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தில் கிளார்க்கின் கார் மரத்தில் மோதி, அவர் இறந்தார். அந்த தலைமுறையின் மிகச்சிறந்த வீரர் அவர் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கே இது நடந்தால் தங்கள் கதி என்ன என்று மற்ற வீரர்கள் கலங்கினார்கள். சாப்மன் உடைந்து போனார்.

அடுத்த மாதம் ஸ்பெயின் நாட்டு பந்தயத்தில் ஹில் வென்றார். தொடர்ந்து மொனாகோவிலும் வென்றார். கலைந்து போயிருந்த பட்டறை மறுபடியும் ஸ்பானரை கையில் எடுத்தது. நவம்பர் மாதம் மெக்சிகோவில் நடந்த கடைசிப் பந்தயத்திலும் வென்று 2-வது தடவையாக உலக சாம்பியன் ஆனார். தன்னை விட திறமைசாலிகள் இருந்தார்கள் என்பது ஹில்லுக்கு தெரியும். ஆனால் 8 பேர் படகில் வேகம் அமைத்துக் கொடுக்கும் இடத்தில் இருந்து பழகியவர் அவர். தான் தளரக்கூடாது என்பதை அறிந்திருந்தார்.

இரு கால்களும் முறிந்தன

1969-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் பந்தயம். நடுவில் கார் சுழன்று நின்று விட்டது. ஹில் இறங்கி தள்ளி, காரை புறப்பட வைத்து ஏறினார். ஆனால் உட்கார்ந்த பிறகு பாதுகாப்பு பெல்ட்டை தானாக மாட்டிக்கொள்ள முடியவில்லை. அப்படியே ஓட்டினார். டயரில் காற்று இறங்கி கார் உருண்டது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். இரண்டு கால்களும் முறிந்தன.

வயது 40. இனி இவர் நடந்தாலே பெரிது என்று பலரும் நினைத்தார்கள். 5 மாதம் கழித்து, 1970-ம் ஆண்டு மார்ச் மாதம், தென் ஆப்பிரிக்க பந்தயத்தில் அவரைத் தூக்கி காரில் உட்கார வைத்தார்கள். 6-வதாக வந்து ஒரு புள்ளி பெற்றார்.

1972-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் லே மான்ஸ் நகரில் நடக்கும் 24 மணி நேர பந்தயத்தில் ஹென்றி பெஸ்கரோலோ என்ற பிரெஞ்சு வீரருடன் சேர்ந்து வென்றார். மொனாகோ, இண்டியானாபொலிஸ், லே மான்ஸ் ஆகிய மூன்றையும் வென்றவர் அவர் ஒருவர்தான். பிறகு பலர் முயன்றும் வேறு எவரும் அந்த மூன்றையும் சேர்த்து வென்றதில்லை.

சொந்த அணி

1973-ம் ஆண்டில் ஹில் சொந்தமாக ஒரு பந்தய அணி தொடங்கினார். ஒரு சிகரெட் கம்பெனி பணம் கொடுத்தது. ஆனால் கால் முறிந்த பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. 1975-ம் ஆண்டு மொனாகோ பந்தயத்தில், 5 முறை வென்ற அதே ஊரில், பந்தயத்தில் சேருவதற்கான தகுதி நேரம்கூட அவருக்கு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை மாதம் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 176 உலக சாம்பியன் பந்தயங்களில் ஓட்டி, 14-ல் வென்றிருந்தார்.

தன் இடத்தில் டோனி பிரைஸ் என்ற 23 வயது இளைஞரை வளர்த்தார். ஒரு காலத்தில் மற்றவர்கள் காரை இரவல் வாங்கி ஓட்டியவர், இப்போது ஒரு இளைஞருக்கு காரைக் கொடுத்தார். அந்த இளைஞர் பெரிய வீரராக வருவார் என்று பந்தய உலகம் பேசிக்கொண்டது.

பனிமூட்டம்

1975-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி. தெற்கு பிரான்சில் புதிய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு அணியினர் லண்டன் திரும்பினார்கள். ஹில்லுக்கு சொந்தமாக ஒரு சிறிய விமானம் இருந்தது. அதை அவரே ஓட்டினார். இரவு நேரம், கடும் பனிமூட்டம். லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ விமான தளத்தில் இறங்க வேண்டியவர்கள், அதற்கு சற்று முன்னால் ஆர்க்லி என்ற இடத்தில் ஒரு கோல்ப் மைதானத்து மரங்களில் மோதினார்கள். ஹில், பிரைஸ், அணியின் மானேஜர், காரை வடிவமைத்தவர், 2 மெக்கானிக்குகள் ஆகிய 6 பேரும் இறந்தார்கள். ஹில்லின் வயது 46.

துயரம் அதோடு முடியவில்லை. விசாரணையில், விமானத்தின் பதிவு காலாவதி ஆகியிருந்தது தெரிந்தது. மோசமான வானிலையில் விமானம் ஓட்டுவதற்கான ஹில்லின் அனுமதியும் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. அதனால் இன்சூரன்சு செல்லாமல் போய் விட்டது. இறந்த மற்றவர்களின் குடும்பங்களும் அனாதரவாக நின்றன. அவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஹில்லின் மனைவி பெரிய வீட்டை விற்று, 3 பிள்ளைகளுடன் சிறிய வீட்டுக்கு போனார்.

20 ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்து சேர்த்தது, புதுப்பிக்காத சில காகிதங்களால் போயிற்று. காரில் மாற்றிய ஒவ்வொரு திருகாணியையும் நோட்டில் எழுதி வைத்த மனிதரின் கதை இப்படி முடிந்தது.

இன்று தொடங்க நினைப்பவர்களுக்கு

கிரகாம் ஹில் தொடங்கிய வழி இன்றும் மூடப்படவில்லை. பிராண்ட்ஸ் ஹேட்ச் மைதானத்தில் இன்றும் பணம் கட்டி பந்தய கார் ஓட்டிப் பார்க்கிறார்கள். பல நாடுகளில் அணிகளே காரையும் மெக்கானிக்கையும் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு இவ்வளவு, ஒரு பந்தயத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு காரைக் கொடுக்கிறார்கள். ஓட்டுகிறவர் தலைக்கவசத்துடன் வந்தால் போதும். காரை வாங்கி, வைக்க இடம் தேடி, லாரியில் ஏற்றி இறக்கும் செலவு மிச்சம். ஆசை 2 நாளில் தீர்ந்து விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

பெங்களூரில் இருந்து சென்னைக்கு பஸ்சில் போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை என்ற ஊர் வரும். பழைய சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்து வந்த பந்தயங்களுக்கு பதிலாக 1990-ம் ஆண்டு முதல் பந்தயம் நடக்கும் மைதானம் அங்கேதான் இருக்கிறது. கோவை நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிய மைதானம் அது. அவர் 1992-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வின்பீல்டு என்ற பந்தய பள்ளிக்கு போனார். அங்கேயும் கார் பள்ளியுடையது, ஓட்டுகிறவர் மாணவர். 2005-ம் ஆண்டில் பார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

ஆனால் வாடகை காரில் ஏறும் முன் சில விஷயங்களைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் டயரும் பெட்ரோலும் சேர்த்தியா, தனியா? கார் மோதினால் செலவு யாருடையது, எவ்வளவு வரை? முன்பணம் எப்போது திரும்ப வரும்? உங்கள் உயிருக்கும் அடுத்தவர் உயிருக்கும் இன்சூரன்சு உண்டா, அது எந்த தேதி வரை? பந்தயத்தில் கலந்து கொள்ள விளையாட்டு சங்கத்தின் லைசென்சு தனியாக வேண்டும், சாதாரண டிரைவிங் லைசென்சு போதாது. இதையெல்லாம் கேட்பதற்கு கூச்சப்படக்கூடாது. ஓட்டத் தெரிந்தவருக்கு காகிதம் எதற்கு என்று நினைத்தால், ஓட்டத் தெரிந்த ஹில்லின் குடும்பம் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகன் வென்ற பட்டம்

தந்தை இறந்தபோது மகன் டேமனுக்கு வயது 15. பெரிய பெயர் இருந்தது, பணம் இல்லை. கட்டிட வேலை செய்தார். மோட்டார் சைக்கிளில் தபால் பை சுமந்து லண்டன் தெருக்களில் ஓடினார். அந்த காசில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். மகனும் போய்விடுவானோ என்று பயந்த தாய், 4 சக்கரமாவது இருக்கட்டும் என்று, 1983-ம் ஆண்டில் அவரை ஒரு பந்தய கார் பள்ளியில் சேரச் செய்தார். நரேன் கார்த்திகேயன் பிற்காலத்தில் போன அதே வின்பீல்டு பள்ளிதான் அது.

தந்தையைப் போலவே மகனும் தாமதமாகத்தான் வந்தார். பார்முலா-1 பந்தயத்தில் முதன் முதலாக ஓட்டியபோது வயது 31. 1996-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பான் நாட்டில் சுசூகா மைதானத்தில் டேமன் ஹில் உலக சாம்பியன் ஆனார். தந்தையும் மகனும் உலக சாம்பியன் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை.

அன்று அவர் அணிந்திருந்த தலைக்கவசம் கருநீல நிறம். அதைச் சுற்றி வெள்ளை நிறத்தில் துடுப்புகள் வரையப்பட்டிருந்தன.